2000க்குப் பிந்தைய அயர்ன் மெய்டன்: சென்னை ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பாடகர் புரூஸ் டிக்கின்சனும் கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் 1999இல் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் இசைக்குழுவுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு, 2000 முதல் 2021 வரை, அக்குழு ஆறு ஸ்டுடியோ ஆல்பங்களை வெளியிட்டிருக்கிறது. அந்த ஆறைப் பற்றி நம் ஊர் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எண்பதுகளின் ஆல்பங்களைப் பற்றி வந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். அவற்றைப் பேசச் சென்னையில் ஆளுக்குக் குறைவில்லை.

கேள்வி (தாம்பரம், கல்லூரி மாணவர்): அண்ணா, எனக்குப் பழைய பாடல்கள் மட்டும்தான் தெரியும். புதியவற்றில் எதிலிருந்து தொடங்கலாம்? கடற்கரை வரை மின்சார ரயிலில் போய்வரும் நேரத்தில்தான் பாட்டுக் கேட்க முடிகிறது.

பதில்: தம்பி, 2000இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். அது 67 நிமிடம் ஓடும். தாம்பரத்தில் போட்டுவிட்டால், கடற்கரையில் இறங்கும் நேரத்தில் கடைசிப் பாடல்களுக்கு வந்திருப்பீர்கள். பாரிஸ் ஸ்டுடியோவில் குழுவினர் ஒன்றாக நின்று வாசித்துப் பதிவு செய்த ஆல்பம் என்பதால், ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கும் துடிப்பு அதில் இருக்கிறது. டேவ் மர்ரே, ஸ்மித், யானிக் கெர்ஸ் ஆகிய மூன்று கிட்டார் கலைஞர்கள் சேர்ந்து வாசித்த முதல் மெய்டன் ஆல்பமும் அதுவே. மர்ரேயின் சோலோ (தனி வாசிப்பு) வழுக்கிக்கொண்டு போகும். ஸ்மித்தின் சோலோவைத் தனியாக முணுமுணுத்துப் பார்க்கலாம். கெர்ஸ் கட்டுக்கடங்காமல் பாய்வார். இந்த வேறுபாடு காதுக்குப் பழகிவிட்டால் மற்ற ஐந்து ஆல்பங்களும் எளிதில் வசப்படும். ஆனால் மென்மையான தொடக்கங்கள் மாம்பலத்துக் கூட்டத்தின் இரைச்சலில் காணாமல் போகும்; அவற்றை வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகி): பாடல்களின் முன்னிசை நீளம் என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள். கச்சேரியில் ஆலாபனையை ரசிக்கும் நமக்கு அது ஏன் குறையாகப் பட வேண்டும்?

பதில்: ஒப்புமை அழகாக இருந்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆலாபனையில் வித்வான் அந்தந்த நேரத்தில் ராகத்தைக் கட்டியெழுப்புகிறார். ஒரு சபாவில் பாடியதும் மறுநாள் இன்னொரு சபாவில் பாடுவதும் ஒன்றாக இருப்பதில்லை. குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸின் பிற்கால முன்னிசையோ முன்கூட்டியே எழுதி முடிக்கப்பட்டது: மெல்லிய பேஸ், அதன்மேல் அடங்கிய கிட்டார், பிறகு அதே மெட்டில் தாழ்ந்த குரல், அதற்குப் பிறகே டிரம்ஸ். முதன்முதலில் கேட்கும்போது மனத்தைக் கவ்வும் இந்த அமைப்பு, ஒரே ஆல்பத்தில் நான்காவது முறை வரும்போது அடுத்து என்ன நடக்கும் என்பதை நாமே சொல்லிவிடும் நிலைக்கு வந்துவிடுகிறது. நீளம் குற்றமே அன்று. 1984இலேயே அவர் 13 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாடலை எழுதினார்; அதில் வேகம் மாறியது, நடுவே இசை அடங்கிக் கப்பல் மரம் கிரீச்சிடும் ஓசை எழுந்தது, பிறகு ஒரு குரல் பேசியது. பிற்காலத்திலோ குரல் போகும் வழியிலேயே ஒரு கிட்டாரும் நிழல்போல் ஒட்டிக்கொண்டு போகிறது. மூன்று கிட்டார்களை வைத்துக்கொண்டு ஒன்றை இப்படி வீணடிப்பதுதான் என் வருத்தம்.

கேள்வி (பெரம்பூர் நண்பர்): ஆறில் சிறந்தது எது? மழுப்பாமல் சொல்லவும்.

பதில்: 2006இன் ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’. போரும் மதமும்தான் அதன் பெரும்பகுதிக்குப் பொருள். அந்தப் பொருளுக்கு நீளமும் கனமும் பொருந்திவிட்டன. இரண்டாம் உலகப் போரின் நார்மண்டிக் கரையிறக்கத்தைப் பாடும் ‘தி லாங்கஸ்ட் டே’ பாடலைக் கவனியுங்கள். படகுகள் கரையை நெருங்குவதற்கு முந்தைய பதற்றம் தொடக்கத்துப் பேஸிலேயே வந்துவிடுகிறது. இங்கே முன்னிசை வெறும் வழக்கமாக நிற்காமல் கதையின் பகுதியாகிறது. ஒலியிலும் இந்த ஆல்பம் தனித்து நிற்கிறது. பதிவின் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வழக்கமாக அந்தக் கட்டத்தில்தான் மெல்லிய பகுதிகளும் உரத்த பகுதிகளும் ஒரே மட்டத்துக்கு அருகில் கொண்டுவரப்பட்டு, மொத்த ஒலியும் தூக்கப்படும். இதில் அது நடக்காததால், மற்ற ஆல்பங்களைவிடச் சற்றுத் தாழ்வாக ஒலிப்பதுபோல் தோன்றும். ஒலியளவைக் கூட்டிவையுங்கள், நிக்கோ மெக்பிரெயினின் டிரம்ஸ் அறைக்குள் வாசிப்பதுபோல் கேட்கும். குழுவுக்கே இதில் எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்றால், 2006 சுற்றுப்பயணத்தில் பத்துப் பாடல்களையும் வரிசை மாறாமல் முழுதாக வாசித்துவிட்டே பழைய பாடல்களுக்குப் போனார்கள். காசு கொடுத்து வந்த பலர் முணுமுணுத்தார்கள். எனக்கோ அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது. 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அவர்கள் முதன்முறையாக இந்தியாவில் வாசித்ததும் இதே சுற்றுப்பயணத்தின் தொடர்ச்சிதான்.

கேள்வி (ஆவடி நண்பர்): ‘டான்ஸ் ஆஃப் டெத்’ அட்டைப்படம் ஏன் அவ்வளவு மோசமாக இருக்கிறது?

பதில்: அதை உருவாக்கிய ஓவியரே தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், நான் மேலும் சொல்ல என்ன இருக்கிறது? உள்ளே இருக்கும் பாடல்கள் அட்டையைவிடப் பல மடங்கு மேலானவை. குறிப்பாக, மின்கிட்டாரே இல்லாத கடைசிப் பாடலைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி (அண்ணா நகர் வாசகர்): ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’ ஆல்பத்தின் 18 நிமிடப் பாடலைப் புகழ்கிறவர்கள் உண்மையில் அதை முழுதும் கேட்கிறார்களா, சார்?

பதில்: கேட்கிறோம். ‘எம்பயர் ஆஃப் தி கிளவுட்ஸ்’ ஹாரிஸ் எழுதியதன்று. டிக்கின்சன் பியானோவில் அமர்ந்து தனியாக எழுதியது. ஆகவேதான் நான் மேலே சொன்ன வார்ப்பில் அது சிக்கவில்லை. அது பாடுவது ஓர் உண்மை விபத்தை: ஆர்101 என்ற பிரிட்டிஷ் வான்கப்பல், இங்கிலாந்திலிருந்து அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சிக்குப் புறப்பட்டு, 1930 அக்டோபர் 5 அதிகாலையில் பிரான்சின் போவே நகருக்கு அருகே விழுந்து எரிந்தது. 48 பேர் இறந்தார்கள். டிக்கின்சன் விமானியும் ஆவார். காற்றும் எடையும் கப்பலை என்ன செய்யும் என்பதை அறிந்தவர் எழுதிய பாடலாகவே அது ஒலிக்கிறது. நீங்கள் இன்னொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். இந்த ஆல்பத்தைப் பாடி முடித்த பிறகுதான் அவருடைய நாக்கில் புற்றுநோய்க் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. சிகிச்சைக்காக வெளியீட்டையே 2015 செப்டம்பருக்குத் தள்ளினார்கள். உச்சத்தில் குரல் இழுபடும் இடங்களை இதை அறிந்த பிறகு என்னால் குறையாகக் கேட்க முடிவதில்லை.

கேள்வி (போரூர் நண்பர்): ‘சென்ஜுட்சு’ என்னைக் களைப்படையச் செய்கிறது. அதைவிட மோசமானது ‘தி ஃபைனல் ஃபிரான்டியர்’ என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. 2010இன் ‘தி ஃபைனல் ஃபிரான்டியர்’ ஆல்பத்தின் முன்பாதியில் திரும்பக் கேட்கத் தூண்டுவது குறைவு. கிராமி விருது பெற்ற ‘எல் டொராடோ’ கூட என் மனத்தில் ஒட்டவில்லை. ஆனால் கடைசிப் பாடல், அணுகுண்டு விழும் என்று அஞ்சிப் பதுங்கும் முதிய தம்பதியின் கதை, ஹாரிஸ் இந்த நூற்றாண்டில் எழுதியவற்றில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது. 2021இன் ‘சென்ஜுட்சு’வில் களைப்பு வரக் காரணம் அதன் வரிசை: ஹாரிஸ் தனியாக எழுதிய மூன்று நீண்ட பாடல்களை இறுதியில் அடுத்தடுத்து வைத்துவிட்டார்கள், அவை மட்டுமே சுமார் 34 நிமிடம். நான் அவற்றை ஒரே நாளில் கேட்பதில்லை. ‘ஹெல் ஆன் எர்த்’ பாடலை முதலில் தனியாகக் கேளுங்கள், ‘தி பார்ச்மென்ட்’ பாடலை இன்னொரு நாளுக்கு வையுங்கள், ‘டெத் ஆஃப் தி செல்ட்ஸ்’ கேட்காமல் விட்டாலும் நட்டமில்லை.