கோட்டை வாசல்ல சைக்கிளை விட்டு இறங்குங்கோ (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,
போன வருசம் ஊராக்களோட பஸ்ஸில கோணேஸ்வரம் வந்தம், கும்பிட்டம், இராவணன் வெட்டைப் பாத்தம், திரும்பிட்டம். எல்லாமே புதுக்கோயிலாத்தான் தெரிஞ்சது, நீங்க எழுதுற அந்தப் பழைய கோயில் எங்க கிடக்கு? அடுத்த மாசம் நானும் சினேகிதியும் திருகோணமலை வந்து வாடகைச் சைக்கிள் எடுத்து இடிஞ்ச கோயில்களைத் தேடிப் பாக்கிற பிளான். வீட்டில வான் பிடிச்சுப் போங்கோ எண்டு நிக்கினம். என்ன செய்வம்?
மட்டக்களப்பில இருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வான் வேண்டாம், சைக்கிள்லயே ஓடுங்கோ. நீங்க தேடுற பழைய கோயிலுக்குள்ளாலதான் உங்கட பஸ் போனது, நிக்காமப் போனதாலதான் காணேல்ல.

1620களில போத்துக்கேயர் கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லுகளாலயே கோட்டையைக் கட்டினவங்கள், பிறகு ஒல்லாந்தர் பிடிச்சு, வெள்ளைக்காரர் பிடிச்சு, பிரெட்ரிக் கோட்டை எண்டு பேர் வந்ததெல்லாம் அதுக்குப் பிறகு. அதால முதல் இடம் கோட்டை வாசல்தான். இறங்கி சைக்கிளை ஓரமா விட்டிட்டு வாசல் கல்லைப் பாருங்கோ, பாண்டியரின்ட ரெட்டை மீன் செதுக்கி இருக்கும், பக்கத்தில தமிழ்க் கல்வெட்டு. கோயிலைக் கட்டினதாச் சொல்லுற அரசன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னால பறங்கி, அதாவது போத்துக்கேயர், வந்து பிரிப்பான் எண்டு எங்கட ஊரில சின்னப் பிள்ளையளும் சொல்லுற பாட்டு அதுதான், ஆனா கல்லு உடைஞ்சு வரிகளில எழுத்துகள் இல்லாமப் போயிருக்கு. பறங்கி உடைப்பான் எண்டு சொல்லுற கல்லு, பறங்கியின்ட கோட்டைக்கே வாசக்கல்லா நிக்குது தங்கச்சி. எத்தினை தரம் பாத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். இங்கதான் சினேகிதி வேணும், ஒருத்தி எழுத்துக் கூட்டி வாசிக்க மற்றவ கொப்பியில எழுதுங்கோ, மாறி மாறிப் பாத்தாத்தான் தேய்ஞ்ச எழுத்துப் பிடிபடும். கோட்டைக்குள்ள ஆமி இருக்கு, அவையின்ட பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ, மான்களைப் பாத்துக்கொண்டு மெதுவா உருட்டிக்கொண்டு ஏறுங்கோ.

மேல கும்பிடுற கோயில் 1963ல கும்பாபிஷேகம் கண்டது, புதுசுதான். ஆனா 1950ல கோயிலுக்குக் கிட்டக் கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து சோமாஸ்கந்தரும் மற்ற வெண்கலத் திருமேனிகளும் வந்தது, இடிக்க முதல் ஆரோ தாட்டு வச்சுக் காப்பாத்தினது. மலைக்குக் கீழ கடலுக்குள்ள தூண்களும் வேலைப்பாடான கல்லுகளும் கிடக்கிறதை 1956ல மைக் வில்சன் எண்ட சுழியோடி இறங்கிப் பாத்தவர். அதால ஒரு கோயில் ஒரு இடத்தில இடிஞ்சு கிடக்குது எண்டு நினைச்சுத் தேடாதேங்கோ, மதில்ல கொஞ்சம், மண்ணுக்குள்ள கொஞ்சம், கடல்ல கொஞ்சம் எண்டு இந்த ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கு. தம்பலகாமத்தில வயலுகளுக்கு நடுவில ஆதிகோணேசர் இருக்கிறதும் அந்த இடிப்புக்குப் பிறகு வந்த கதைதான், அதுக்கு ஒரு நாள் வையுங்கோ.

அடுத்த நாள் விடியவே வெளிக்கிட்டு கன்னியா வெந்நீர்க் கிணறுகளில கால் கழுவிட்டு பெரியகுளத்துப் பக்கம் போங்கோ. நாதனார் கோயில் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுற வெல்கம் விகாரை எண்ட பழைய புத்த பள்ளி அங்க இருக்கு. செங்கல் சுவர், கல் அடித்தளம், சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள், அதில பேர் இராசராசப் பெரும்பள்ளி. தமிழில எழுதி புத்த பள்ளிக்கு விளக்கெரிக்கப் பசுக்கள் குடுத்திருக்கினம்! இது எங்கட, அது அவையின்ட எண்டு பிரிச்சுச் சத்தம் போடுற ஆக்கள் ரெண்டு பக்கத்திலயும் ஒருக்கா வந்து இந்தக் கல்லை வாசிக்கவேணும், நான் இதை மனசாரச் சொல்லுறன்.

திரியாயையும் விடாதேங்கோ, அங்கயும் ஒரு பழைய புத்த கோயில், மலையில வட்டமாக் கல்தூண்கள், பாறையில பல்லவ கிரந்த எழுத்தில சமஸ்கிருதக் கல்வெட்டு. ஆனா அது நிலாவெளி, குச்சவெளி தாண்டி நல்ல தூரம், வெயிலுக்க போய் அண்டைக்கே திரும்பிறது கஷ்டம், நிலாவெளியில ஒரு இரவு தங்கிப் போங்கோ. தண்ணிப் போத்தல் ரெண்டு ரெண்டு, ஒட்டுற சாமானும் பம்பும் கட்டாயம்.

இன்னொண்டு, எழுத்துத் தெரியேல்ல எண்டு கல்வெட்டில சோக் பூசாதேங்கோ, தண்ணி ஊத்தித் தேய்க்காதேங்கோ. காலமை இல்லாட்டி பின்னேரம் சரிஞ்ச வெயில்ல பக்கவாட்டில நிண்டு பாத்தா அதுவாத் தெரியும்.