கறுப்பு ஜக்கெட்டும் இலண்டன் இருட்டும்

தம்பி, இலண்டனுக்கு வந்து சில கிழமைகளே ஆகின்றன, ஹரோவிலிருந்து இரவு வேலைக்குச் சைக்கிளில் போகப்போகிறேன், பாரமில்லாததும் வியர்க்காததும் தூரத்திலேயே தெரிவதுமான உடுப்பு எது, எந்தக் கொம்பனி நல்லது என்று கேட்டிருந்தீர்கள். கொம்பனியை விடுங்கள்; கடைக்காரன் சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன்.

ஒளிரும் மஞ்சள் துணி, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருவதால்தான் பளிச்சிடுகிறது. மப்பும் மந்தாரமுமான பகலில் அதற்கு நிகரில்லை. டென்மார்க்கில் 6,793 சைக்கிளோட்டிகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில், மஞ்சள் ஜக்கெட் அணிந்தவர்கள் பிறரோடு மோதிக் காயப்பட்ட விபத்துகள் 47 சதவீதம் குறைவாக இருந்தன. ஆனால் தெருவிளக்கில் அந்தக் கதிர் ஏறக்குறைய இல்லாததால், இரவில் அந்த மஞ்சளும் சாதாரணத் துணிதான். இரவில் உங்களைக் காட்டுவது, இப்படியான உடுப்புகளில் தைத்திருக்கும், நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த சாம்பல் நிறப் பட்டி. வாகன விளக்கின் ஒளியை அது வந்த வழியே சாரதியின் பக்கம் திருப்பி அனுப்புகிறது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்; டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே நீங்கள் காசு கொடுக்க வேண்டியது பட்டிக்கு.

அந்தப் பட்டி முதலில் காலில் இருக்க வேண்டும். முதுகில் மின்னுவது குப்பைத் தொட்டியோ மனிதனோ என்று சாரதி யோசிக்கக்கூடும். கணுக்காலிலும் முழங்காலிலும் இரண்டு கீற்றுகள் மாறி மாறி ஏறி இறங்கினால், மிதிக்கிறவன் ஒருவன் போகிறான் என்று உடனே விளங்கிவிடும். கணுக்கால் பட்டிக்குப் பாரமே கிடையாது, வியர்வையும் இல்லை. மேலுக்கு, பட்டி தைத்த வலைத்துணி வெஸ்ட் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத உடுப்பு) ஒன்று போதும். ஆனால் முதுகில் சாப்பாட்டுப் பை ஏறினால் வெஸ்டின் பின்பக்கப் பட்டி மறைந்துபோகும். பையின் மேலேயும் ஒரு பட்டி தையுங்கள். வெஸ்டின் உள்ளே ஈஎன் 17353 (EN 17353, தெளிவாகத் தெரியும் உடுப்புக்கான ஐரோப்பியத் தர எண்) என்ற லேபல் இருக்கிறதா என்று பாருங்கள். ஈஎன் ஐஎஸ்ஓ 20471 (EN ISO 20471) என்ற இன்னொரு தரம் வீதி வேலையாட்கள் போன்றோருக்கானது. நல்லதுதான், உங்களுக்கு அவ்வளவு துணி தேவையில்லை. துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைக்காதீர்கள், பட்டியின் மேல் இஸ்திரி வைக்காதீர்கள். இரண்டும் அதன் பளபளப்பைத் தின்றுவிடும்.

நான் வந்த காலத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. ஊர் அண்ணர் ஒருவர் தந்த, பஞ்சடைத்த கறுப்பு ஜக்கெட். உள்ளே வியர்வையில் தெப்பமாக நனைந்து, வெளியே மழையில் ஊறி, கடைக்குள் உலர்த்த ஒரு ஆணி கேட்டதற்கு முதலாளி மறுத்துவிட்டார். ஒரு விடியற்காலை சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற பேருந்துச் சாரதி கண்ணாடியை இறக்கி, கிட்ட வரும்வரை என்னைத் தெரியவே இல்லை என்று திட்டினார். அதன் பிறகு பட்டி வாங்கி, மனைவியைக் கொண்டு காற்சட்டையின் அடியில் தைப்பித்தேன். "என்ன, றோட்டுப் போடப் போகிறாயோ?" என்று நம்முடைய ஆட்கள் சிரித்தார்கள். தவணைக்கு எடுத்த காருக்குள் இருந்துகொண்டு சிரித்தவர்களும் உண்டு. கறுப்பு உடுத்தினால்தான் மரியாதை என்ற எண்ணம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. நான் அந்தப் பட்டியோடேயே பல மாரிகளைக் கடந்தேன்.

உடுப்பைப் பற்றி இங்குள்ள வீதி ஒழுங்குக் கோவையில் (Highway Code) இருப்பது ஆலோசனை, விளக்கு சட்டம். இருட்டிய பின் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் மிதிகட்டைகளில் அம்பர் (செம்மஞ்சள்) நிறத்தவையும் இருக்க வேண்டும். பழைய சைக்கிள் வாங்கினால் இந்த மிதிகட்டைத் துண்டுகள்தான் முதலில் காணாமற்போயிருக்கும். ஹெல்மெட் கட்டாயமில்லை; நான் போடுகிறேன். கையுறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், குளிர் வந்ததும் நீங்களே வாங்கிவிடுவீர்கள்.