கழுத்தை விடுங்கள், விரல்களைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். வயது 49. ஏழு மாதமாகக் கழுத்து வலி. எக்ஸ்ரேயில் எலும்பு தேய்மானமாம். திருப்பினால் நறநறவென்று சத்தம். இணையத்தில் புற்றுநோய் என்றும் போட்டிருக்கிறது. ஜாமு என்ற மலாய் மூலிகை மாத்திரை போட்டால் வலி குறைகிறது. இப்போது சட்டைப் பொத்தான் போடவும் சிரமமாக இருக்கிறது, வயதாகிறது போலும். வேலையை விட வேண்டி வருமா?

பதில்: பொத்தான் போட வராததை வயதின் தலையில் கட்டாதீர்கள் ஐயா. 49 அதற்கான வயதே இல்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி அது ஒன்றுதான்.

கழுத்தெலும்புகளுக்குள்தான் தண்டுவடம் இறங்குகிறது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கியோ எலும்பு முளைத்தோ அதை அழுத்தினால், பலருக்கு முதலில் தடுமாறுவது விரல்கள்தான். சில்லறை எண்ண வராது, பிடித்த பொருள் நழுவும். கால் விறைத்து நடையும் தள்ளாடலாம். வலி குறைவாகவே இருக்கலாம். அதனால்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இப்போதே கையை முழுதாக மூடி, முழுதாகத் திறந்து பாருங்கள். 10 விநாடியில் 20 தடவையாவது வர வேண்டும். பிறகு குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடங்கள். இரண்டும் சரியாக வந்தாலும் இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். "விரல் வேலை செய்யவில்லை" என்று முதலில் சொல்லுங்கள், வலியைப் பிறகு சொல்லலாம். தேவைப்பட்டால் ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தந்து எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். தண்டுவடம் நசுங்கியிருந்தால் அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் மேலும் கெடாமல் நிறுத்தும். போன பலம் முழுதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். திடீரென்று கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். தேய்மானம் உங்கள் வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் உண்டு. சத்தம் ஒன்றும் செய்யாது. காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் தூங்க விடாத வலி என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. புற்றுநோய்ப் பக்கங்களை மூடிவையுங்கள்.

ஜாமு விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. பதிவு எண் இல்லாத ஜாமுவில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. வலி போவது போலிருக்கும். சர்க்கரை ஏறும், முகம் வீங்கும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடமே காட்டுங்கள். கழுத்தைச் சொடுக்கெடுக்கிறவர் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

வெறும் தேய்மானம் என்றால் வேலையை விட வேண்டியதில்லை. வெந்நீர் ஒத்தடம், பிசியோ சொல்லித் தரும் பயிற்சி, அளவோடு பாரசிட்டமால், உயர மரத்தையும் குட்டை மரத்தையும் மாற்றி மாற்றி வெட்டுவது, இவையே பலருக்குப் போதும். கழுத்துப் பட்டி மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் அசையாமல் இருந்தால் தசை இன்னும் பலமிழக்கும். ஆனால் பரிசோதனை முடியும்வரை நீளக் கம்பு அரிவாளைத் தொடாதீர்கள். அண்ணாந்து பார்க்கும்போது தண்டுவடத்துக்குள்ள இடம் இன்னும் குறுகுகிறது. மண்டோருக்கு, அதாவது வேலை மேற்பார்வையாளருக்கு, காட்ட எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.