சீன ராசி விலங்கு அஞ்சல்தலைகளைச் சேகரிக்க, 1980ஆம் ஆண்டுக் குரங்கு கட்டாயம் தேவையா?

தேவையில்லை. விலை மிகுந்த அந்தக் குரங்கு அஞ்சல்தலையை வாங்க முடியாது என்பதற்காகவே பலர் இந்தச் சேகரிப்பைத் தொடங்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கேள்வியிலும் அந்தத் தயக்கம் தெரிவதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒரு விலங்காகப் பன்னிரண்டு விலங்குகள் கொண்ட சீனாவின் முதல் சுற்றை 1981ஆம் ஆண்டுச் சேவலிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை.

சீன அஞ்சல் துறை 1980 பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாளில், தன் முதல் ராசி விலங்கு அஞ்சல்தலையை வெளியிட்டது. இறந்துபோன தன் வளர்ப்புக் குரங்கின் நினைவாக ஓவியர் ஹுவாங் யோங்யூ வரைந்த படம் அது. சிவப்புப் பின்னணியில் அமர்ந்திருக்கும் அந்தக் கருங்குரங்கின் ஒவ்வொரு மயிரிழையையும் ஜியாங் வெய்ஜியே உலோகத் தகட்டில் செதுக்கினார். ஓர் அஞ்சல்தலையின் விலை 8 ஃபென் (நூறு ஃபென் ஒரு யுவான்). எண்பது தலைகள் கொண்ட முழுத்தாள் 6 யுவான் 40 ஃபென். அதே முழுத்தாள் பிற்காலத்தில் ஏலங்களில் பத்து லட்சம் யுவானைத் தாண்டியது. அழகான தலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்கு அழகு மட்டும் காரணமன்று. ஒரு நீண்ட தொடரின் முதல் தலை என்பதும், அப்போது அதைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு என்பதும் பெரும் பங்கு வகிக்கின்றன.

1981 முதல் 1991 வரை வந்த மற்ற பதினொரு தலைகளை அதனுடன் ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். சேவலை வரைந்தவர் ஜாங் டிங், நாயை வரைந்தவர் ஜோ லிங்ஜாவ், பன்றியை வரைந்தவர் ஹான் மெய்லின். மூவருமே தம் நாட்டில் பெரும்பெயர் பெற்ற கலைஞர்கள். தலையில் அச்சிட்ட விலையைக் கவனித்தால் 1990ஆம் ஆண்டுக் குதிரை வரை அனைத்தும் 8 ஃபென், 1991ஆம் ஆண்டு ஆடு மட்டும் 20 ஃபென். 8 ஃபென் என்பது வெளியூருக்குச் செல்லும் சாதாரணக் கடிதத்தின் கட்டணமாக இருந்தது. 1990இல் அந்தக் கட்டணம் 20 ஃபென்னாக உயர்ந்தது. இவ்வாறு ஒரே நாட்டின் ஒரே சுற்றை வரிசையாக அடுக்கும்போது அந்நாட்டின் அஞ்சல் வரலாறும் கண்ணெதிரே விரிவதால்தான், பல நாடுகளின் தலைகளைக் கலந்து நிரப்பும் பழக்கத்தை நான் விரும்புவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2016இல் தொடங்கிய நான்காம் சுற்று. முதல் சுற்றின் ஓவியர்கள் சிலரையே தேடிச் சென்று மீண்டும் வரையச் சொன்னார்கள். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த ஹுவாங் யோங்யூ அவ்வாண்டுக்கு இரண்டு குரங்கு அஞ்சல்தலைகளை வரைந்தார். அவற்றில் ஒன்றில் தாய்க் குரங்கு இரண்டு குட்டிகளை அணைத்திருக்கிறது. இரண்டு குழந்தைகள் பெற்றுக்கொள்ள அனைவருக்கும் அனுமதி நடைமுறைக்கு வந்ததும் அதே ஜனவரியில்தான். 2018ஆம் ஆண்டு நாயை, ஏறத்தாழ நூறு வயதில், ஜோ லிங்ஜாவே வரைந்தார். 2019ஆம் ஆண்டுப் பன்றி அஞ்சல்தலைகளில் ஹான் மெய்லின் மூன்று குட்டிகளுடன் ஒரு குடும்பத்தை வரைந்தபோது, குழந்தைக் கட்டுப்பாடு மேலும் தளரப்போகிறது என்று மக்கள் ஊகித்தார்கள்; மூன்றாவது குழந்தைக்கு 2021இல் அனுமதி கிடைத்தது. அஞ்சல்தலை கொள்கையை முன்கூட்டியே அறிவித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு சிறு தாள்துண்டை மக்கள் அவ்வளவு கூர்ந்து வாசித்தார்கள் என்பதே எனக்குப் போதும். ஹுவாங் யோங்யூ 2023ஆம் ஆண்டுக்கு வரைந்த, பேனாவும் கடிதமும் ஏந்திய செங்கண் நீல முயலைச் சிலர் அச்சமூட்டுவதாகக் குறை கூறினார்கள். எனக்கோ அதில் ஒரு முதியவரின் துணிவே தெரிகிறது. அவர் அதே ஆண்டு ஜூனில் மறைந்தார்.

பிற நாடுகளுக்குப் பிறகு செல்லலாம். ஜப்பான் 1950இலேயே மருயாமா ஓக்யோவின் புலி ஓவியத்தை வெளியிட்டுவிட்டது. ஹாங்காங் 1967இலும், கிளாரன்ஸ் லீ வடிவமைத்த சேவலுடன் அமெரிக்கா 1992 டிசம்பரிலும் தொடங்கின. வியட்நாமில் முயலின் இடத்தில் பூனை இருப்பதால் இரு நாடுகளின் 2023ஆம் ஆண்டுத் தலைகளை அருகருகே வைத்துப் பார்ப்பது இனிய அனுபவம். சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்காகவே அச்சிடப்படும், எந்தக் கடிதத்திலும் ஒட்டப்படாத தலைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

என்றாவது குரங்கை வாங்கும் வசதி வந்தால், போலிகள் ஏராளம் என்பதை நினைவில் வையுங்கள். அசல் தலையின் கருமை தகட்டிலிருந்து அச்சானது. ஆகவே மயிர்க்கோடுகள் தாளின் மேல் சற்றே மேடாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் அவை தனித்தனிக் கோடுகளாகத் தெரியவேண்டும். தட்டையாகவோ புள்ளிகளாகவோ தெரிந்தால் வாங்காதீர்கள். தெளிவாகத் தெரிந்தாலும், நிபுணரின் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.