அடைப்புக்குறிக்குள் இருக்கும் பூஜ்ஜியத்தை என்ன செய்வது?

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக லண்டன் போயிருக்கிறாள். அவள் தங்கியிருக்கும் விடுதி அலுவலகத்தின் எண் +44 (0)20 7946 0123 என்று அச்சடித்த அட்டையில் இருக்கிறது. அதை அப்படியே டயல் செய்தால் ‘எண்ணைச் சரிபார்க்கவும்’ என்று ஒரு குரல் சொல்கிறது. அவளை அனுப்பிவைத்த கன்சல்டன்சிக்காரர், ‘இதுதான் அவசர எண்’ என்று +44 70 எனத் தொடங்கும் இன்னொரு எண்ணைத் தந்திருக்கிறார். இதற்கு நடுவே, இரண்டு நாளாக +1 473 என்று தொடங்கும் எண்ணிலிருந்து மிஸ்டு கால் வருகிறது. என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான், அவன் எண்ணும் +1 தான். திருப்பிக் கூப்பிடலாமா?

பதில்: மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கடைசிக் கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் அந்த எண்ணை அழுத்திவிடக்கூடும். கூப்பிடாதீர்கள். காரணம் பிறகு.

இப்போது அட்டைக்கு வருவோம். நீங்கள் டயல் செய்யவேண்டியது +44 20 7946 0123. அடைப்புக்குறிக்குள் இருக்கும் பூஜ்ஜியத்தை விட்டுவிட வேண்டும். இவ்வளவுதான்.

அந்தப் பூஜ்ஜியம் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது? லண்டன் லேண்ட்லைனிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் பேச வெறும் 7946 0123 என்று போட்டாலே போதும் என்பது பழைய வழக்கம். வேறு ஊரிலிருந்து பேசுகிறவர் 020 7946 0123 என்று போடவேண்டும். அந்த முதல் பூஜ்ஜியம், ‘நான் இந்த ஊர் எண்ணைக் கூப்பிடவில்லை, வெளியூருக்குப் போகிறேன்’ என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் சமிக்ஞை. உள்நாட்டில் மட்டும்தான் அதற்கு வேலை. நீங்கள் வெளிநாட்டிலிருந்து +44 போட்ட உடனேயே பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டீர்கள். வீட்டுக்குள் வந்தபிறகு மறுபடி வாசல் மணியை அடிப்பானேன்?

அட்டையை அச்சடித்தவர், உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரே வரியில் எழுதி மிச்சம் பிடித்திருக்கிறார். அதற்குத்தான் அந்த அடைப்புக்குறி. சர்வதேச எண்களில் அடைப்புக்குறியே போடக்கூடாது என்று ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் இ.123 பரிந்துரையில் எழுதிவைத்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்? பல்கலைக்கழகம், மருத்துவமனை, தூதரகம் என்று எங்கே பார்த்தாலும் இந்த (0) தான். படித்தவர்கள் நடத்தும் அலுவலகங்கள்! பூஜ்ஜியத்தை எடு என்று ஒரு வரி சேர்த்து அச்சடிக்கக்கூட அவர்களுக்கு மனம் வருவதில்லை. உங்களைப் போன்றவர்கள் பதறிப்போய், மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சரி, பிளஸ் குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செல்பேசியில் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் + வரும். அதற்கு, ‘இந்த நாட்டை விட்டு வெளியே போவதற்கு என்ன எண் உண்டோ அதை நீயே போட்டுக்கொள்’ என்று அர்த்தம். அந்த வெளியேறும் எண் நாட்டுக்கு நாடு மாறும். உலகத்தில் பெரும்பாலான இடங்களில் 00. அமெரிக்கா, கனடாவில் 011. ஜப்பானில் 010. ஆஸ்திரேலியாவில் 0011. நீங்கள் கூப்பிடப்போகும் நாட்டைப் பொறுத்தது அல்ல இது. நீங்கள் நிற்கும் நாட்டைப் பொறுத்தது. இதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 00 போட்டு எண்ணைச் சேமித்துவைத்திருப்பார்கள். அமெரிக்காவில் இறங்கியதும் ஒன்றும் வேலை செய்யாது, உடனே சிம் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவார்கள். எல்லா எண்ணையும் பிளஸ் போட்டே சேமியுங்கள். சுவரில் மாட்டிய பழைய லேண்ட்லைனில் பிளஸ் பொத்தான் கிடையாது. அங்கே மட்டும் வெளியேறும் எண்ணை நீங்களே போடவேண்டும்.

‘வெளிநாட்டு எண் என்றால் பூஜ்ஜியத்தை எடுத்துவிடு’ என்று இன்றோடு மனப்பாடம் செய்துவிடாதீர்கள். இத்தாலி இருக்கிறது. இதில் நானே சூடுபட்டவன், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

வெளியூர், வெளிநாட்டு அழைப்புகளைக் கையால் இணைத்துத்தரும் டிரங்க் லைனில் நாங்கள் வேலை பார்த்த காலத்தில் ரோம் நகருக்கு 39 போட்டு 6 போடுவோம். உள்நாட்டில் 06, வெளியிலிருந்து வெறும் 6. மற்ற நாடுகளைப் போலத்தான். 1998-ல் இத்தாலிக்காரர்கள் அந்தப் பூஜ்ஜியத்தை எண்ணின் நிரந்தர உறுப்பாகவே ஆக்கிவிட்டார்கள். அதே ஊருக்குள் பக்கத்து வீட்டுக்குப் பேசினாலும் 06 போடவேண்டும், வெளிநாட்டிலிருந்து பேசினாலும் +39 06. நான் என்ன செய்தேன் தெரியுமா? கை பழக்கத்தில் 39 6 என்று போட்டுக்கொண்டே இருந்தேன். எதிரில் ஒருவர் தன் அண்ணனின் ஆபரேஷன் எப்படி நடந்தது என்று கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறார். நான் ‘லைன் கோளாறு, அந்தப் பக்கம்தான் பிரச்சினை’ என்று அரைமணி நேரம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ‘சைபர் எங்கே சார்?’ என்று கேட்டார். போட்டேன், மணி அடித்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இத்தாலி லேண்ட்லைன் என்றால் பூஜ்ஜியத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரோம் +39 06, மிலான் +39 02. இத்தாலியின் செல்பேசி எண்கள் 3-ல் தொடங்கும். அவற்றுக்கு முன்னால் பூஜ்ஜியமே கிடையாது, நீங்களாகச் சேர்க்கவும் கூடாது. இங்கே இன்னொரு குழி இருக்கிறது. சில செல்பேசி எண்கள் 393 என்றே தொடங்கும். அதைப் பார்க்கிறவர், ‘ஓ, 39 ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள்’ என்று நினைத்து முன்னால் வெறும் பிளஸ்ஸை மட்டும் போடுவார். தவறு. +39 393 என்று இரண்டு தடவையும் வரவேண்டும். எண்ணித்தான் பார்க்கவேண்டும், கண்ணை நம்பக்கூடாது. வாடிகனுக்கு 379 என்று தனி நாட்டுக் குறியீடே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் போப்பாண்டவர் அலுவலகத்துக்குப் பேசுவதும் +39 06 வழியாகத்தான். அந்த 379 பயன்பாட்டுக்கு வரவே இல்லை. இத்தாலியை இத்துடன் விடுகிறேன். உங்கள் மகள் விடுமுறைக்கு அங்கே போய் ஓர் எண் தந்தால் இதை எடுத்துப் படியுங்கள்.

இனி அந்தக் கன்சல்டன்சிக்காரர் தந்த +44 70 எண். இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பிரிட்டனில் செல்பேசி எண்கள் 07-ல் தொடங்கும், வெளியிலிருந்து +44 7. இது ஊருக்கே தெரியும். ஆனால் 070 செல்பேசி அல்ல. ‘தனிநபர் எண்’ என்ற பெயரில் விற்கப்படும் வகை அது. நீங்கள் அதைக் கூப்பிட்டால் அழைப்பு இன்னொரு எண்ணுக்குத் திருப்பிவிடப்படும். திருப்பிவிடுகிறவருக்கு அதில் பங்கு கிடைக்க வழி இருந்தது. பார்வைக்கு அச்சு அசல் செல்பேசி எண் மாதிரியே இருப்பதால் ஏமாந்தவர்கள் ஏராளம். இந்த ஏமாற்று முற்றிப்போய், பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2019-ல் 070-க்கு அழைப்பை இணைக்கத் தொலைபேசி கம்பெனிகள் தங்களுக்குள் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு கொண்டுவரவேண்டி வந்தது. எத்தனை வருடம் தூங்கிவிட்டு! அதற்காக வெளிநாட்டிலிருந்து கூப்பிடும் உங்களுக்கும் கட்டணம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உங்கள் தொலைபேசி கம்பெனியின் கட்டணப் பட்டியலில் பிரிட்டன் லேண்ட்லைன் ஒரு வரியிலும் இந்த மாதிரி எண்கள் வேறொரு வரியிலும் இருக்கலாம். அந்த இரண்டாவது வரியைத் தேடிப் பாருங்கள்.

மாணவர் விடுதி ஒன்று அவசர எண்ணாக 070 தருவதற்கு எந்த நியாயமும் இல்லை. லண்டன் அலுவலகம் என்றால் 020 இருக்கும். நாடு முழுவதும் ஒரே எண் வைத்திருக்கும் நிறுவனம் என்றால் 03 இருக்கும். அதற்கு அந்நாட்டில் சாதாரண லேண்ட்லைன் கட்டணம்தான். 084, 087 என்றால் கூடுதல் சேவைக் கட்டணம் உண்டு. 09 என்றால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 0800 அங்கே இருப்பவர்களுக்கு இலவசம். வெளிநாட்டிலிருந்து அது பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் இலவசமாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

இந்த இடைத்தரகர் தொழில் 070 எண்ணுக்கு மட்டும் உரியதும் அல்ல. இணையத்தில் ‘விசா அலுவலக உதவி எண்’ என்று தேடினால் முதலில் வருவது பல சமயம் அலுவலகத்தின் எண்ணாகவே இருக்காது. நடுவில் ஒருவர் விலையுயர்ந்த எண் ஒன்றை வாங்கிவைத்திருப்பார். நீங்கள் கூப்பிட்டால் அதே அலுவலகத்தின் சாதாரண எண்ணுக்கே தட்டிவிடுவார். அலுவலகம் உங்களை வரிசையில் நிற்கவைத்து இசை போடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவருக்குக் காசு. அலுவலகங்களும் தங்கள் எண்ணை இணையதளத்தின் எட்டாவது பக்கத்தில் ஒளித்துவைத்து இவர்களுக்கு வழிவிடுகின்றன. எண்ணை எப்போதும் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள், அல்லது மகளிடமே கேளுங்கள். அவள் அந்த விடுதியில்தானே இருக்கிறாள். வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கன்சல்டன்சிக்காரர் தந்ததை அழித்துவிடுங்கள். இந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள், என்ன சொல்கிறார் பார்ப்போம்.

கடைசியாக, +1 473.

+1 என்றால் அமெரிக்கா என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த 1 அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. கனடாவும் கரீபியன் தீவுகள் பலவும் சேர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் அதே 1-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. அடுத்து வரும் மூன்று இலக்கம்தான் எந்த இடம் என்று சொல்லும். 473 கிரெனடா. 876 ஜமைக்கா. 809 டொமினிகன் குடியரசு. 246 பார்படாஸ். 473 எந்த மாநிலம் என்று உங்கள் தம்பியிடம் கேட்டால் அவரே தலையைச் சொறிவார்.

நடப்பது இதுதான். ஓர் இயந்திரம் ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடும். ஜப்பானில் இதற்கு ‘வான்கிரி’ என்று பேர். ஒரு மணி, உடனே வெட்டு. ஆவலில் நீங்கள் திருப்பிக் கூப்பிட்டால் அது சர்வதேச அழைப்பு. அழைப்பைப் பெற்றுக்கொள்ளும் நாட்டின் தொலைபேசி கம்பெனிக்கு உங்கள் கம்பெனி பணம் கொடுக்கவேண்டும்; அதில் ஒரு பங்கு ஏமாற்றுக்காரருக்குப் போகும். அதனால்தான் எடுத்ததும் மணி அடிப்பது போன்ற ஒலியையே பதிவுசெய்து ஓடவிடுவார்கள். இன்னும் எடுக்கவில்லை என்று நீங்கள் காத்திருப்பீர்கள், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கிரெனடாவில் இருப்பவர்கள் எல்லாம் திருடர்கள் என்று சொல்லவரவில்லை. உங்கள் திரையில் காட்டும் எண்ணே பொய்யாக இருக்கலாம். அதைப் போலியாகக் காட்டுவது இன்று கஷ்டமான வேலையே இல்லை. தொலைபேசி கம்பெனிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கட்டணம் அவர்கள் கணக்கிலும் விழுகிறதே! தம்பிதானா என்று சந்தேகமாக இருந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் அவர் எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

விடுதிக்கு இப்போதே ஒருமுறை போட்டுப் பாருங்கள். +44 20, பிறகு மீதி எட்டு இலக்கம். 0207 என்று நான்கு இலக்க ஏரியா கோடு சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து லண்டனுக்கு 020 மட்டும்தான், 7 உள்ளூர் எண்ணின் முதல் இலக்கம். போட்டபின் காதைக் கொடுத்துக் கேளுங்கள். பிரிட்டனின் மணி ஒற்றையாக அடிக்காது. ட்ரிங்-ட்ரிங் என்று இரட்டையாக அடித்து, இரண்டு விநாடி நின்று, மறுபடி இரட்டையாக அடிக்கும். அமெரிக்காவில் நீளமாக ஒரே மணி, நான்கு விநாடி மௌனம். அந்த இரட்டை மணி கேட்டால் அழைப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். அதன்பிறகும் யாரும் எடுக்காவிட்டால் அங்கே அப்போது நேரம் என்ன என்று பாருங்கள். நள்ளிரவில் விடுதி அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள்.