பத்து வயதுக்கு மேல் ஊசியா, டாக்டர்?

பெங்களூரு அல்சூரில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். அக்கம்பக்கத்து கிளினிக் டாக்டர்களிடம் போய், “பத்து வயது தாண்டிய பிள்ளைக்கும் தடுப்பூசி உண்டு, மறந்துவிடாதீர்கள்” என்று நச்சரிப்பது ஐந்தாறு வருடமாக என் உபதொழில். நம் தமிழ்க் குழுவில் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில்.

விவேக் நகர் குடும்ப மருத்துவர்: இருமலுக்கு வந்த பெண்ணிடம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமிக்கான ஊசி பற்றி எப்படிப் பேச்செடுப்பது? அப்பா பக்கத்தில் நிற்கிறார். அது எப்படித் தொற்றும் என்று கேட்டால் என்ன சொல்வேன்? கூச்சமாக இருக்கிறது, மேடம்.

உங்களுக்கு மட்டுமல்ல சார், நான் போகிற பத்து கிளினிக்கில் எட்டில் இதே கூச்சம்தான். பெற்றோர் மறுத்ததால் ஊசி நின்றதை விட, டாக்டர் வாயே திறக்காததால் நின்றதுதான் நான் அதிகம் பார்த்தது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை பி ஊசி போடுகிறோம். அதுவும் உடலுறவில் தொற்றும். எந்த அப்பாவாவது பிரசவ வார்டில் உங்களிடம் அதைக் கேட்டாரா? நாமும் சொல்லவில்லை. ‘ஈரலைக் காக்கும் ஊசி’ என்றோம், முடிந்தது. இதையும் அப்படியே ஆரம்பியுங்கள்: “பாப்பாவுக்குப் பத்து வயது ஆயிற்று. இந்த வயதில் இரண்டு ஊசி. ஒன்று டெட்டனஸுக்கும் டிப்தீரியாவுக்கும், இன்னொன்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் இருக்க. இன்றைக்கே போட்டுவிடலாம்.” அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். “போட்டுக்கொள்கிறீர்களா, யோசித்துச் சொல்கிறீர்களா?” என்று இழுத்தால் அவர் யோசிக்கத்தான் போவார். அமெரிக்காவின் வட கரோலினாவில் டாக்டர்களுக்கு இப்படி நேராக அறிவிக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் கூடினார்கள். 2017இல் வெளியான ஆய்வு அது.

அவர் கேள்வி கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள். கிருமி உடலுறவில் தொற்றும், அந்தப் பருவம் வருவதற்கு வெகு முன்பே போட்டால்தான் பலன், அதனால்தான் 9 வயதிலிருந்தே தொடங்குகிறோம். இவ்வளவுதான். சாதாரண இருமல் சளி தடையில்லை. காய்ச்சல் கொதித்தால் மட்டும் வேறு தேதி குறித்துக் கொடுங்கள்.

ஃபிரேசர் டவுன் கிளினிக் டாக்டர்: ஊசி மருந்து வைக்க வீட்டு ஃபிரிட்ஜ் போதுமா?

போதும், கதவில் வைக்காத வரை. எத்தனை முறை சொல்வது! கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறும். 2 முதல் 8 டிகிரி, நடுத்தட்டு, உள்ளே ஒரு தெர்மாமீட்டர். சூட்டை விடக் குளிர் மோசம்: எச்.பி.வி.யும் டெட்டனஸ் டிப்தீரியாவும் ஒருமுறை உறைந்தால் குப்பைத் தொட்டிக்குத்தான். என் கிளினிக்கிலேயே உதவியாள் பெட்டியைப் பின்சுவரோடு ஒட்டி வைத்துவிட, மொத்தமும் உறைந்துபோனது. உருகிய பிறகு பார்த்தால் நல்ல மருந்து போலவே தெரியும். அதுதான் ஆபத்து.

எச்.ஏ.எல். அம்மா ஒருவர்: என் மகளுக்கு 16 வயது. நேரம் கடந்துவிட்டதா?

இல்லைம்மா. 9 முதல் 14 வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15க்கு மேல் மூன்று: முதல் நாள், இரண்டாம் மாதம், ஆறாம் மாதம்.

அதே அம்மா: தம்பிக்கும் போடலாமா? விலை?

பையன்களுக்கும் உரிமம் உண்டு. காசு ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் அக்காவுக்கு. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக், ஒன்பது வகைக் கிருமிக்கான கார்டசில் 9 ஊசியை விட வெகு மலிவு. மலிவானதும் புற்றுநோயில் பெரும்பங்குக்குக் காரணமான 16, 18 என்ற இரு வகைகளையும் தடுக்கும்.

ஆஸ்டின் டவுன் வாசகர்: இது போட்டால் பிள்ளை பெற முடியாதாமே?

பொய். 2017இல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோதும் வாட்ஸாப்பில் இப்படித்தான் பயமுறுத்தினார்கள்.

இன்னொருவர்: மலட்டுத்தன்மை பற்றி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

மேலே பார்க்கவும்.

ஒயிட்ஃபீல்ட் பொறியாளர்: எல்லாம் சரி மேடம். 2010இல் ஆந்திராவில் இந்த ஊசி போட்டு ஏழு சிறுமிகள் செத்தார்களே, அதை ஏன் சொல்லவில்லை?

கேட்டது நல்லது. டாக்டர்கள் கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தால் பலர் சிரித்து ஒதுக்குகிறார்கள். அது தப்பு.

2009இல் ஆந்திராவின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் பாத் (PATH) என்ற தொண்டு அமைப்பு, ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போட்டது. ஏழு பேர் இறந்தார்கள். ஐவர் ஆந்திரா, இருவர் குஜராத். ஒருத்தி நீரில் மூழ்கினாள், ஒருத்தியைப் பாம்பு கடித்தது, இருவர் பூச்சிமருந்து குடித்தார்கள், ஒருத்திக்கு மலேரியா. மற்ற இருவர் சாவுக்கும் ஊசியோடு தொடர்பு இருப்பதாக விசாரணைக் குழு காணவில்லை. 2010 ஏப்ரலில் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது.

பொறியாளர்: அரசு விசாரணை அப்படித்தான் சொல்லும். அப்படியென்றால் நாடாளுமன்றக் குழு ஏன் திட்டியது?

அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்களுக்கு, பெற்றோர் கையெழுத்து வாங்காமல் வார்டனிடம் வாங்கினார்கள். 2013இல் குழு கண்டித்தது அதைத்தான், கண்டிக்க வேண்டியதுதான். ஊசி கொல்லவில்லை, ஆனால் கேட்காமல் போட்டார்கள். இரண்டும் உண்மை. நான் பெற்றோர் முன்னால் மட்டும் போடுவது, தாளில் எழுதிக் கொடுப்பது எல்லாம் அதனால்தான்.

விவேக் நகர் டாக்டர் (மறுபடி): ஆனால் மேடம், நீங்களே இதைப் பேசினால் ஜனங்கள் பயந்துவிடமாட்டார்களா? எனக்கு ஒரு நாளைக்கு எண்பது பேர். ஆளுக்கு மூன்று நிமிடம். கம்பெனி ஏஜெண்ட் என்று வேறு சொல்வார்கள்.

மறைத்தால்தான் ஏஜெண்ட் என்பார்கள், சார். கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள். அதே 2009இல் இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்கத் தனியாக இன்னொரு ஆய்வு நடந்தது. திண்டுக்கல் பக்கம் அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். தடை வந்ததும் ஏறத்தாழ 5,000 பெண்கள் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள். விட்டுவிடாமல் அவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவு: 16, 18 வகைக் கிருமி நிலைத்துத் தங்குவதை அந்த ஒற்றை ஊசியே ஏறத்தாழ 95 சதவீதம் தடுத்தது. ஒரு ஊசி போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இதுவும் ஒரு ஆதாரம். அரைகுறையாக நின்ற வேலை உலகத்துக்கே செலவைக் குறைத்துக் கொடுத்தது. என் கிளினிக்கில் 14 வயது வரை இன்னும் இரண்டுதான் போடுகிறேன், உரிமம் அப்படி.

எண்பது பேரில் எத்தனை பேர் பத்து வயதுப் பெண்கள்? இரண்டு, மூன்று. அவர்களுக்கு நான் மேலே எழுதிக் கொடுத்த நாலு வரி அரை நிமிடம் கூட ஆகாது. 2020 மதிப்பீட்டின்படி அந்த ஒரே வருடத்தில் நம் நாட்டில் இந்தப் புற்றுநோயில் இறந்தவர்கள் ஏறத்தாழ 77,000 பேர்.

மர்ஃபி டவுன் செவிலியர்: பையன் ஆணி மிதித்து வந்தால் டி.டி. போடுகிறோம், அது போதும்தானே?

எந்த டி.டி.? தமிழில் எழுதினால் பழையதும் புதியதும் ஒன்று போலத்தான் இருக்கும், அதுவே பாதிக் குழப்பம். பழையது (TT) டெட்டனஸ் மட்டும். புதியதில் (Td) டிப்தீரியாவும் உண்டு. அரசு அட்டவணையில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது புதியது. சின்ன வயதில் போட்ட டிப்தீரியா காப்பு காலப்போக்கில் தேய்ந்துவிடும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

ஒரு கல்லூரி மாணவி: முகப்பருவுக்கு என்ன போடலாம்?

தோல் மருத்துவர்.

மர்ஃபி டவுன் செவிலியர்: ஊசி போட்டதும் பெரிய பெண்கள் மயங்கி விழுகிறார்களே?

பயம்தான், மருந்து அல்ல. விழுந்து தலையில் அடிபடுவதுதான் தொல்லை. உட்கார வைத்துப் போடுங்கள், 15 நிமிடம் எழ விடாதீர்கள். வாசலில் ஆட்டோ நிற்கிறது என்றாலும் விடாதீர்கள்.

விவேக் நகர் டாக்டர்: இன்று காலை ஒரு பாப்பாவிடம் நீங்கள் சொன்ன வரியை அப்படியே சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, “சரி, போடுங்கள்” என்றார். நாலு டோஸ் வாங்கி வைக்கப் போகிறேன். ஃபிரிட்ஜ் நிறைய இன்சுலின், இடமில்லை.

இன்சுலினைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கதவில் வேண்டாம், சார்.