சஸ்ஸுயி ஏன் பாதிவழியில் தொடங்குகிறாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிந்திக் கவிஞர் ஷா அப்துல் லத்தீஃப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய பாடல் தொகுப்பான 'ஷா ஜோ ரிசாலோ'வின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். சஸ்ஸுயி – புன்ஹூன் காதல் கதையை எதிர்பார்த்த எனக்கு, தொடக்கமும் முடிவும் இல்லாத புலம்பல்தான் கிடைத்தது. கதை சொல்லத் தெரியாதவரையா சிந்து மக்கள் இத்தனை காலம் கொண்டாடுகிறார்கள்?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

லத்தீஃப் கதை சொல்லவில்லை என்பது உண்மை. அவருக்கு அதற்கான தேவை இருக்கவில்லை. ஹாலாவுக்கு அருகில் 1689இல் பிறந்து 1752இல் மறைந்த அவரிடம் பாட்டுக் கேட்டவர்கள், பம்போரில் வண்ணார் வீட்டில் வளர்ந்த சஸ்ஸுயியைச் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்கள். கெச் நாட்டுப் புன்ஹூனை அவனுடைய சகோதரர்கள் இரவோடிரவாக ஒட்டகத்தில் ஏற்றிச் சென்றுவிட, விடிந்ததும் விழித்தவள் வெறுங்காலோடு மலைவழியே புறப்படுகிறாளே, அந்த நடையில்தான் கவிஞரின் மனம் நிற்கிறது. அதற்காகவே ரிசாலோவில் ஐந்து சுர்கள், அதாவது இசைப் பகுதிகள், இருக்கின்றன. அவற்றில் அவர் அவளுக்காக இரங்குவதோடு நில்லாமல், காதலன் அருகிலிருக்கும்போது எப்படித் தூங்கினாய் என்று கடிந்தும் கொள்கிறார். லத்தீஃபைப் போன்ற சூஃபிகளுக்கு, அதாவது இஸ்லாமிய மெய்ஞ்ஞானிகளுக்கு, அந்தத் தூக்கம் இறைவனை மறந்திருக்கும் நிலை. தேடிப்போன புன்ஹூன் தனக்குள்ளேயே இருப்பதை அவள் உணரும் இடத்துக்கு வந்தபின், ஊர் போய்ச் சேர்ந்தாளா என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை.

மாருயீயின் சுர்ரும் இப்படித்தான். தார்ப் பாலைவனத்துப் பெண்ணான அவளை அரசன் உமர் கவர்ந்து சென்ற நிகழ்ச்சியைக் காட்டிலும், உமர்கோட் கோட்டைக்குள் பட்டாடையை மறுத்துத் தன் பழைய கம்பளியையே அவள் பற்றிக்கொண்டிருப்பது அதில் பெரிது. 1947க்குப் பின் ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்த சிந்தி இந்துக்கள் இந்தச் சுர்ரை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்கள் லத்தீஃபை விட்டுவிடவில்லை. கல்யாண் ஆட்வாணியின் ரிசாலோ பதிப்புக்கு 1968இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

உங்கள் ஏமாற்றத்துக்கு அச்சும் ஒரு காரணம் என்பேன். எர்ன்ஸ்ட் டிரும்ப் என்ற ஜெர்மானியர் 1866இல் லைப்சிக்கில் பதிப்பிக்கும்வரை ரிசாலோ கையெழுத்துப் படிகளிலும், அவற்றைவிட அதிகமாகப் பாடகர்களின் தொண்டையிலும் இருந்தது. சிந்துவின் பிட் ஷா என்ற ஊரிலுள்ள லத்தீஃபின் அடக்கத்தலத்தில் ஃபக்கீர்கள் ஐந்து நரம்புகள் கொண்ட தம்பூரோவை மீட்டியபடி இன்றும் பாடுகிறார்கள். ஆண்களான அவர்கள் அவ்வப்போது குரலைப் பெண்குரல்போல் உச்சத்துக்கு ஏற்றும்போது பாடுவது சஸ்ஸுயிதான். அந்தப் பதிவுகளில் ஒன்றைக் கேட்டுவிட்டு, சஸ்ஸுயியின் ஐந்து சுர்களில் ஒன்றான 'கோஹியாரி'யிலிருந்து மறுபடி வாசித்துப் பாருங்கள்.